மூங்கில் மேட்டில் பொங்கிய கங்கை

1. மழை பெய்தது.
2. மலைச்சரிவிலிருந்து மண் இறங்கியது.
3. சரிவின் மேல் நீலக் கித்தான் விரிக்கப்பட்டது.
4. கித்தானைப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.
5. குழு அமைக்கப்பட்டது.
6. குழு ஓட்டலில் பட்டறை நடத்தியது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.
7. மழை பெய்தது.

பினாங்கு மலைச்சரிவுகளைக் கண்காணிக்கும் பொறியாளராக நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த வரிசை மாறவில்லை. முதல் வரிக்கும் ஏழாம் வரிக்கும் இடையே இருந்த தூரம்தான் சுருங்கியது. நான் சேர்ந்தபோது இடையில் சில ஆண்டுகள் கிடைத்தன. நான் விலகியபோது, ஆறாம் வரிக்கு ஓட்டலில் இடம் பிடிப்பதற்குள் ஏழாவது வந்துவிட்டது.

எனக்கு வயது முப்பத்தாறு. ராஜினாமா செய்தேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஓய்வு பெற்றேன் என்றால் கேக் வெட்டுவார்கள். எனவே ஓய்வு. கேக் வெட்டிய அன்றுதான் எங்கள் சரிவுப் பிரிவுக்குப் புதுப்பெயர் சூட்டியிருப்பதாகச் சொன்னார்கள். இனி அது பருவநிலைத் தாங்குதிறன் பிரிவு. அதே நான்கு நாற்காலிகள்தான். கதவில் பெயர்ப்பலகை மட்டும் நீளமாகிவிட்டது. அங்கே எனக்குக் கீழே வேலை பார்த்த கவிதா, தட்டில் கேக்குடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க அனுபவத்தை எழுதித் தாங்க லா. புதுசா வர்றவங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்.”

“அது வேணும்னா வேற ஆளைப் பாரு.”

“சரி, வயித்தெரிச்சலா இருந்தாலும் பரவால்ல.”

“அதுன்னா எழுதுறேன்.”

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டுமானப் பொறியியல் படித்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் மற்றவர்கள் அளக்க, அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அட்டைகளுக்கு உப்பு, காலுக்கு ரப்பர் காலணி, பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு புன்னகை: இந்த மூன்றும் இல்லாமல் மலையேறக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

மலை எப்படி மாறுகிறது, மலையில் வாழ்பவர்கள் அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்று இப்போது கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் மூன்று வரி. முன்பு நாள் முழுக்கத் தூறிய மழை இப்போது ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. இரண்டு மழைக்கு நடுவே வெயில் நீண்டு, மண் வெடித்து வாய் பிளக்கிறது. அடுத்த மழை நேராக அந்த வாய்க்குள் போகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே வரி: தண்ணீரை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். தாங்குதிறன் என்ற சொல்லுக்கு நான் களத்தில் கண்ட பொருள் இதுதான். மூங்கில் மேட்டில் அதை முழுதாகப் பார்த்தேன்.

மூங்கில் மேடு என்பது அந்த இடத்தின் உண்மையான பெயர் அல்ல. ஆயர் ஈத்தாமுக்கு மேலே, காடி என்று நாங்கள் சொல்லும் கார் போகும் பாதை முடிந்து படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மேலிருந்து கீழாக நான்கு அடுக்கு. உச்சியில் செவ்வந்தித் தோட்டம். அதன் கீழே, தோட்டத்து மண்ணைத் தாங்கும் உயரமான கான்கிரீட் சுவர். சுவரை ஒட்டி முருகன் கோயில்; சுவர் இருப்பது சரியாகக் கருவறையின் முதுகுப் பக்கம். கோயில் முற்றத்துக்குக் கீழே லெட்சுமி அக்காவின் வீடு. செவ்வந்தித் தோட்டம் அவருடைய கணவர் மணியம் அண்ணனுடையது. ஆக, சுவர் விழுந்தால் மணியம் அண்ணனின் மண், முருகன் வழியாக, லெட்சுமி அக்காவின் சமையலறைக்கு வரும்.

செவ்வந்தி முன்பு இன்னும் கீழேதான் வளர்ந்தது. சூடு ஏற ஏற மொட்டு சிறுத்துப்போனது. பாத்திகள் மேலே ஏறின. உச்சிக்குப் போன பிறகு ஏற வேறு இடம் இல்லை. அடுத்து, கொட்டும் மழை பூவை அழுகவைத்ததால் பாத்திகளுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டார் மணியம் அண்ணன். பூ பிழைத்தது. கூரையில் விழுந்த மழை எல்லாம் ஒரே விளிம்பில் வழிந்து, சுவரின் தலைக்குப் பின்னால் இறங்கியது. வேளாண் கண்காட்சி ஒன்றில் அந்தக் கூரைக்குப் பரிசு கொடுத்தார்கள்.

சுவர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மண்ணைத் தாங்கும் எந்தச் சுவருக்கும் கீழ்ப்பாகத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பின்னால் சேரும் தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளியேறும். அது நின்றுபோனால் சுவர் மண்ணை மட்டுமல்ல, ஒரு குளத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மூங்கில் மேட்டுச் சுவரைக் கணக்குப் போட்டவர்கள் சமதளத்து மழைமானியின் பழைய அளவுகளை வைத்துப் போட்டிருந்தார்கள். மலையில் மழை கூடுதலாகப் பெய்யும் என்பது அங்கே குடியிருக்கும் கோழிக்கும் தெரியும். ஆனால் கோழியிடம் யாரும் அளவு கேட்பதில்லை.

என் வேலை, மாதம் ஒருமுறை தோட்டத்துக்குப் போய், சுவருக்குப் பின்னால் மண்ணில் இறக்கியிருந்த குழாயில் நீர்மட்டம் பார்ப்பது. செய்முறை எளிது. குழாயின் மூடியைத் திறக்க வேண்டும். நாடாவின் நுனியில் இருக்கும் உலோகக் குண்டை மெதுவாக உள்ளே விட வேண்டும். குண்டு தண்ணீரைத் தொட்டதும் கையில் உள்ள பெட்டி கீச்சிடும். கீச்சிட்ட இடத்தில் நாடாவை நிறுத்தி, சற்றுத் தூக்கி, மீண்டும் இறக்கி, அதே இடத்தில் கீச்சிடுகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் தாமதமாக வந்தால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, நல்லது. சீக்கிரம் வந்தால் தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது. கவிதாவின் காலத்தில் இதைக் கருவியே அளந்து கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. கைப்பேசியை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஓர் ஆண்டு கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அது முடிந்த வாரம் நான் போனபோது சுவரைக் காணவில்லை. சுவர் இருந்தது, அதன் மேல் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலாகப் பளபளவென்று ஓடு பதித்திருந்தார்கள். ஆறுபடை வீடும் வண்ணத்தில் தெரிந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் உபயதாரர் பெயர். துளை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

கோயில் தலைவர் முத்துக்கருப்பன் முற்றத்தில் நின்று ஓடுகளை ரசித்துக்கொண்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் கட்டுமானச் சாமான் கடை வைத்திருப்பவர். ஓடு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“தலைவரே, இங்க ஓட்டை எல்லாம் இருந்திச்சே?”

“அதான்மா அடைச்சோம். சாமி முதுகுக்குப் பின்னால லோங்காங் சாக்கடை மாதிரி செவப்பா தண்ணி ஒழுகிட்டு இருந்திச்சி. வர்றவங்க என்னா நினைப்பாங்க?”

“அது ஒழுகணும் தலைவரே. ஒழுகாட்டி சுவர் தள்ளிக்கிட்டு வந்துடும்.”

“மூணு இன்ச்சு சிமெண்டு பூசித்தான்மா ஓடு ஒட்டியிருக்கோம். ஒரு சொட்டு வராது, பாத்துக்க.”

“வரலன்னாதான் பிரச்சினை.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒழுகாத சுவரைக் குறை சொல்லும் பொறியாளரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

முற்றத்தின் ஓரம் பூக்கூடையோடு நின்ற லெட்சுமி அக்கா சிரித்தார். “நீங்க சொன்னா கேப்பாரா தங்கச்சி? பழனி மேல அவரு பேரு இருக்கு. திருத்தணி மேல அவரு மச்சான் பேரு. ஒடைக்கச் சொன்னா குடும்பச் சண்டை வந்துடும்.”

“ஒடைக்கிறதுக்கு இப்ப வழியே இல்ல,” என்றார் தலைவர். “மண்டலாபிஷேகம் முடியணும். அது வரைக்கும் கோயில் சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது.”

“மழைக்கு யாரு தலைவரே சொல்றது, மண்டலம் முடிஞ்சி வான்னு?”

“ஏன் லெட்சுமி, வீடு ஒன்னோடது, அதான் பேசுறே.”

“பின்ன, ஒங்க வீடா கீழ இருக்கு? நீங்க புக்கிட் மெர்தாஜாம்ல மேடு இல்லாத இடமா பாத்துல்ல கட்டியிருக்கீங்க.”

கும்பாபிஷேகம் முடிந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள் மண்டலம். அந்த நாட்கள் அப்படியே ஆண்டுக் கடைசி மழைக்குள் விழுந்தன. நான் தோட்டத்துக்கு ஏறிக் குழாயில் குண்டை இறக்கினேன். பெட்டி, நான் எதிர்பார்த்ததை விட மிகவும் முன்பே கீச்சிட்டது.

மணியம் அண்ணனிடம் பிளாஸ்டிக் கூரையைக் கொஞ்ச நாளைக்குச் சுருட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் அதிகம் பேசாதவர்.

“தீபாவளிக்கு மொட்டு வந்திருக்கும்மா.”

“கூரைத் தண்ணிதாண்ணே சுவருக்குப் பின்னால போவுது. கீழ உங்க வீடுதானே?”

“சுருட்டுனா பூ போச்சி. சுருட்டலன்னா சுவரு போவும்னு நீங்க சொல்றீங்க. பூ போறது உறுதி. சுவரு போறது நீங்க சொல்றதுதானே?”

அவரை நான் ஏளனம் செய்யமாட்டேன். அந்த மேட்டில் கணக்குப் போட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான். கணக்கு தவறு என்பது வேறு.

இனி என் மேலதிகாரி.

தனபாலன் அவர்களின் அலுவலகம் சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. மலையேறியதும் இல்லை. நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் அறிக்கையை, கீழே மாமாக் கடையிலிருந்து வந்த பாலில்லாத் தேநீர், தே ஓ, ஆறும் வரை தொடமாட்டார். ஆறியதும் பேனா மூடியைத் திறந்து, மூடியைப் பேனாவின் பின்பக்கம் செருகாமல் மேசையில் நிறுத்தி வைப்பார். பிறகு முதல் வரியிலிருந்து மெதுவான குரலில் வாசிப்பார். ஏதாவது ஒரு வரியில் நின்று காது மடலைத் தடவுவார். தடவினால் அந்த வரி போயிற்று.

“மிஸ் சுமதி, இது சூடா இருக்கு.”

வாக்கியத்தைத்தான் சொல்கிறார். அவர் அகராதியில் வாக்கியங்களுக்கு வெப்பநிலை உண்டு. ஆற்றுவதற்குப் படிநிலைகளும் உண்டு. “சுவர் இடியும்” என்று நான் எழுதியிருந்தேன். அதை “இடியக்கூடும்” என்று மாற்றினார். பிறகு “நிலைத்தன்மை குறையக்கூடும்”. பிறகு “மாற்றத்திற்கான அறிகுறிகள் தென்படுகின்றன”. கடைசியில், அவருக்குத் திருப்தியான இடத்தில், “சுவரின் நிலை கவனத்துக்குரியது.”

“யாரோட கவனம் சார்?”

“எல்லாரோட கவனமும்தான்.”

“கீழ ஒரு குடும்பம் இருக்கு. அவங்களை வெளியேத்தணும்னு எழுதியிருந்தேன். அந்த வரியைக் காணோம்.”

“அது நம்ம வேலை இல்லையே. நாம அளக்குறவங்க. ‘கீழ்ப்பகுதிப் பயனாளர்களுக்குத் தெரிவிக்கப்படுவது நலம்’னு போட்டிருக்கேன் பாருங்க.”

“லெட்சுமி அக்கா கீழ்ப்பகுதிப் பயனாளரா?”

“அழகா இருக்குல்ல?” என்றார், உண்மையான மகிழ்ச்சியோடு. பேனாவை மூடினார்.

நான் கோபத்தைக் காட்டவில்லை. கோபம் வந்தால் பட்டியல் போடுவது என் பழக்கம். அன்று படிக்கட்டில் இறங்கும்போதே போட்டேன். சுவரைத் துளைக்க அனுமதி: தலைவர் தரமாட்டார். கூரையைச் சுருட்ட: மணியம் அண்ணன் மாட்டார். குடும்பத்தை வெளியேற்ற உத்தரவு: தனபாலன் கேட்கமாட்டார். மிச்சம், லெட்சுமி அக்கா தாமாகக் கிளம்புவது. அவரிடம் தொலைபேசியில் பேசினேன். உங்கள் தங்கையின் வீடு செபராங் ஜெயாவில் இருக்கிறது, மழை முடியும் வரை அங்கே போய்விடுங்கள் என்றேன்.

“பூவை யாரு பறிப்பா? எம்பொண்ணுக்குப் பரீட்சை, அவளை மட்டும் அனுப்பிடுறேன். சமையலை முன்பக்கம் மாத்திக்கிறேன். போதுமா?”

“போதாது அக்கா.”

“போதாதுன்னு தெரியுது லா. ஆனா நடக்கிறது அதான்.”

அந்த வீட்டில் சமையலறையைப் பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு மாற்றினார்கள். ஓட்டலில் நடந்த எந்தப் பட்டறையும் செய்யாத காரியம்.

தீபாவளி நல்லபடியாகப் போனது. பூ விற்றது. அடுத்து நாலு நாள் விடாமல் கொட்டியது. சனிக்கிழமை காலை லெட்சுமி அக்கா கூப்பிட்டார்.

“தங்கச்சி, உங்க சுவத்துல ஓடு வெடிக்குது.”

“வெடிக்குதுன்னா?”

“பட்டு பட்டுன்னு. மொதல்ல சுவாமிமலை போச்சி. இப்ப பழனி. உள்ள இருந்து தண்ணி பீச்சி அடிக்குது. நீங்க வாங்களேன், கூத்தா இருக்கு இங்க.”

நானும் செபராங் ஜெயாவில்தான் குடியிருந்தேன். அங்கிருந்து பாலம் தாண்டி, பாதை முடியும் இடத்தில் காடியை நிறுத்த முயன்றேன். இடம் இல்லை. படிக்கட்டில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கையில் காலி மினரல் வாட்டர் போத்தல்கள். ஒரு குடும்பம் ஐந்து லிட்டர் டப்பாவே கொண்டுபோனது.

முற்றத்துக்குள் நுழைந்ததும் விளங்கியது. அடைபட்ட துளைகளில் இரண்டு, தண்ணீரின் நெருக்கல் தாங்காமல் மூடிய சிமெண்டையும் ஓடுகளையும் பிய்த்துக்கொண்டு திறந்திருந்தன. கருவறைக்குப் பின்னால், பழனிக்கும் சுவாமிமலைக்கும் இருந்த இடத்திலிருந்து, தண்ணீர் வளைந்து பாய்ந்துகொண்டிருந்தது. அதன் முன் வரிசை நின்றது. முத்துக்கருப்பன் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்திருந்தார்.

“தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும். முருகன் குடுத்த கங்கை, நிக்காது. பொம்பளைங்க இந்தப் பக்கம்.”

சில வாரங்களுக்கு முன் அதே தண்ணீரை லோங்காங் என்று சொன்ன வாய்.

நான் நேராகத் தோட்டத்துக்கு ஏறினேன். குழாயின் மூடியைத் திறந்து குண்டை விட்டேன். விட்ட கையோடு பெட்டி கீச்சிட்டது. தூக்கி மறுபடி விட்டேன். செய்முறை அப்படித்தான். மறுபடி கீச்சிட்டது. சுவரின் தலைக்குச் சற்றுப் பின்னால், பாத்திகளுக்கு இணையாக, மண்ணில் ஒரு கோடு திறந்திருந்தது. என் முஷ்டி தாராளமாக உள்ளே போனது. மணியம் அண்ணன் ஏற்கெனவே கூரைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. காலம் கடந்திருந்தது.

தனபாலனை அழைத்தேன். “சார், சுவர் போகுது. கீழ நூறு பேருக்கு மேல நிக்கிறாங்க.”

“எழுத்துல போட்டு அனுப்புங்க மிஸ் சுமதி. நான் உடனே பாக்கிறேன்.”

கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கினேன். தலைவரிடம் சொன்னேன். “சாமி காரியத்துல பயமுறுத்தாதம்மா” என்றார். வரிசையில் நின்றவர்களிடம் சொன்னேன். ஒரு பெண் கண்ணில் தண்ணீரை ஒற்றிக்கொண்டே, “நீங்களும் ஒரு போத்தல் பிடிச்சிக்கங்க, மனசு அமைதியாவும்” என்றார். நான் அமைதியாகத்தான் இருந்தேன். அதுதான் சிக்கல். அமைதியாகச் சொல்லும் பெண்ணின் பேச்சை மலையில் யாரும் கேட்பதில்லை, கத்திச் சொல்லும் பெண்ணைப் பைத்தியம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு குரல் இருக்கிறது. அது எனக்கு வராது. லெட்சுமி அக்காவுக்கு வரும்.

அவர் முற்றத்து விளிம்பில் நின்றிருந்தார். “எவ்வளவு நேரம் இருக்கு?” என்றார்.

“தெரியாது. இப்பவே போகலாம், சாயங்காலமும் போகலாம். அக்கா, இந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு சொன்னாக்கூட நம்பமாட்டேங்குறாங்க.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“நிலத்தடி நீர் அழுத்தம்னு.”

“ஐயோ தங்கச்சி,” என்றார். என்னை அவர் அவ்வளவு இளக்காரமாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. நேராகப் போய்த் தலைவரின் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

“எல்லாரும் கேளுங்க! இது கங்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. மேல எங்க தோட்டம். செவ்வந்திக்குக் கோழிச்சாணி போட்டிருக்கோம். போன வாரம்தான் லோரில வந்திச்சி. மழை அதைக் கரைச்சி இந்த ஓட்டை வழியா அனுப்புது. குடிச்சவங்க குடிச்சிட்டீங்க. மத்தவங்க போத்தலை மோந்து பாருங்க!”

வரிசையில் நின்ற ஒருவர் போத்தலை மூக்கருகே கொண்டுபோனார்.

“வாசம் வருது லா,” என்றார்.

அவ்வளவுதான். பேரிடர்ப் பாடங்களில் நான் படித்த எந்த வெளியேற்றத் திட்டமும் இவ்வளவு சீராக நடந்ததில்லை. துப்பிக்கொண்டே இறங்கினார்கள். டப்பாக்காரக் குடும்பம் அதைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. குருக்கள் மட்டும் நிதானமாக உற்சவ மூர்த்தியைத் துணியில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் வரிசையில் நின்றவர் அல்லர் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

தலைவர் நடுங்கிக்கொண்டிருந்தார். மலையைப் பார்த்து அல்ல. “சாமி குத்தம் லெட்சுமி! சாமி தண்ணியைச் சாணித் தண்ணின்னுட்டே!”

“சாமிக்குத் தெரியாதா தலைவரே? அவரு முதுகுலதானே விழுது. நீங்க மொதல்ல நடங்க.”

நடந்தார், ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. மேலிருந்து மணியம் அண்ணனையும் கூப்பிட்டு, எல்லோரும் படிக்கட்டின் வளைவில் வந்து நின்றோம். லெட்சுமி அக்கா தம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குப் பிறகு சுவர் போனது. இடி போலெல்லாம் இல்லை. லோரியிலிருந்து பெரிய மூட்டை ஒன்றை இறக்கிவைப்பது போன்ற ஒலி, பிறகு நீளமாக மண் உருளும் சத்தம். கருவறை சாய்ந்து நின்றது. முற்றம் காணாமல் போனது. மண் முற்றத்தைத் தாண்டி, லெட்சுமி அக்காவின் வீட்டுப் பின்கட்டில் ஏறி, பழைய சமையலறையை எடுத்துக்கொண்டது. முன்கட்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிறகு நடந்தவை வழக்கமானவை. கித்தான். படம். குழு. அறிக்கையில் தனபாலன் எழுதினார்: “முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் உரிய நேரத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன.” லெட்சுமி அக்காவின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். காது மடலைத் தடவினார். பட்டறையில் மூங்கில் மேடு, மலைச் சமூகத்தின் தாங்குதிறனுக்கு எடுத்துக்காட்டாகத் திரையில் ஓடியது. கோழிச்சாணி திரையில் வரவில்லை. கோயில் நிர்வாகம் லெட்சுமி அக்காவின் பூவை நிறுத்தியது. சாணியில் வளர்ந்த பூ சாமிக்கு ஆகாதாம். இப்போது கேமரன் மலையிலிருந்து பூ வருகிறது. அது எதில் வளர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் எல்லாக் கோயிலையும் மூட வேண்டியிருக்கும்.

புதுச் சுவரை எங்கள் அலுவலகமே வடிவமைத்தது. மலை மழையின் அளவை எடுக்க வேண்டும் என்று நான் எழுதிய பக்கம், பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. சமதளத்து அளவே போதும், பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று கேட்டேன். கவனத்துக்குரிய கேள்வி என்றார் தனபாலன். அந்த மாதம் கேக் வெட்டினோம்.

இப்போதைய நிலை:

மூங்கில் மேட்டில் சுவர் எழும்பிவிட்டது. துளைகள் முறைப்படி வைக்கப்பட்டன. சென்ற மாதம் மறு கும்பாபிஷேகம் நடந்தது. துளைகள் அசிங்கமாகத் தெரிவதாகச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் சிங்க முகம் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் சிங்கத்தின் வாய் வழியாக விழும், அழகாக இருக்கும் என்பது முத்துக்கருப்பனின் யோசனை. நல்ல யோசனைதான். வாங்கி வந்த முகங்களில் வாய் செதுக்கியிருக்கிறது, துளை போடவில்லை. உள்ளே விட்டால் சுண்டுவிரல் முதல் கணுவோடு நின்றுவிடுகிறது.

அலுவலகத்துக்குச் சொன்னேன். கவிதா குறித்துக்கொண்டாள். தலைவரிடம் லெட்சுமி அக்கா சொன்னார். மண்டலம் முடியட்டும் என்றார்.

பின்கட்டில் சமையலறையை மறுபடி கட்டவேண்டாம் என்று லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். கட்டவில்லை, இரண்டு கோழிக்கூண்டு வைத்திருக்கிறார். மணியம் அண்ணன் கூரைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி மறுபக்கம் விட்டிருக்கிறார். மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

நேற்று மதியம் நடை சாத்திய பிறகு, என் டிரில் மெஷினோடு போனேன். லெட்சுமி அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார். மொத்தம் ஒன்பது சிங்கங்கள். இரண்டைத் துளைப்பதற்குள் பேட்டரி தீர்ந்தது. அந்த இரண்டிலும் தண்ணீர் வருகிறது, சிவப்பாக. மற்ற ஏழும் வாயைத் திறந்தபடி காய்ந்திருக்கின்றன.

பேட்டரி சார்ஜில் இருக்கிறது. நாளை மதியமும் நடை சாத்துவார்கள்.